கழுவுநீரிற் கரந்த உலோகம்

உலோகங்களைக் கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் மனிதன் பிரித்தெடுத்த வரலாறு பல நூல்களிற் பேசப்படுவது. செம்புக் காலம், இரும்புக் காலம் எனக் காலப் பகுதிகளுக்கே உலோகங்களின் பெயரைச் சூட்டி வழங்குகின்றோம். ஆயின், நீரிற் கரைந்து கண்ணுக்குப் புலனாகாது நிற்கும் உலோகத்தை மீட்டுத் திடப்பொருளாக்கிய வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. அவ்வரலாற்றின் முற்பகுதி, செறிவு மிக்க கரைசலிலிருந்து உலோகத்தைப் பெற்ற கதை, அது எளிது. பிற்பகுதி, ஒரு லீற்றர் நீரிற் சில மில்லிகிராமே கொண்ட வறிய கரைசலிலிருந்து உலோகத்தைப் பெற்ற கதை. அது மிக அரிது. அரிதான அச்செயலை நிறைவேற்றியது, நீர் தன்னூடே பாய்ந்து செல்ல இடங்கொடுக்கும் நுண்டுளை மின்வாய். அது எவ்வாறு தோன்றியது, எத்தேவை அதனைத் தோற்றுவித்தது, அத்தேவை நமக்கு உணர்த்துவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

மயில்துத்தம் கரைந்த நீல நீரில் இரும்புத் துண்டொன்றை இட்டால், சிறிது நேரத்தில் அதன்மீது செம்பு படிவதைக் காணலாம். இரும்பே செம்பாயிற்று எனப் பண்டை இரசவாதிகள் கருதியதில் வியப்பில்லை. சீனர் பதினொன்றாம் நூற்றாண்டிலேயே, சொங் பேரரசர் காலத்தில், சுரங்க நீரிலிருந்து இம்முறையாற் பெருமளவிற் செம்பு பெற்றனர். உண்மையில் நிகழ்வது மாற்றமன்று, பரிமாற்றம். இரும்பு தன் இலத்திரன்களைச் செப்பு அயனுக்குக் கொடுத்துத் தான் கரைகின்றது. செப்பு அவற்றைப் பெற்று உலோகமாய்ப் படிகின்றது. இரும்பு கொடுத்த இலத்திரனை மின்னோட்டமே கொடுக்குமாயின், ஓர் உலோகத்தைப் பலியிடாமலே இன்னோர் உலோகத்தைப் பெறலாம். மின்படிவு என்பதன் சாரம் இதுவே.

இத்தாலியரான வோல்ற்றா 1800 ஆம் ஆண்டில் மின்னடுக்கை ஆக்கினார். ஐந்தாண்டுகளுள், 1805 இல், அவர் நாட்டவரான புருக்நாற்றெல்லி வெள்ளிப் பதக்கங்களுக்கு மின்னாற் பொன்முலாம் பூசினார். 1833, 1834 ஆகிய ஆண்டுகளிற் பரடே, படியும் உலோகத்தின் நிறைக்கும் செலுத்தப்படும் மின்னின் அளவுக்கும் உள்ள தொடர்பை விதிகளாக வகுத்தார். அவ்விதிகளின்படி ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் 1.19 கிராம் செப்பையோ, 4.02 கிராம் வெள்ளியையோ படிவிக்கும். 1838 இல் உருசியத் தலைநகரில் யாக்கோபி, அச்சொன்றின் மீது செப்பைப் படிவித்து அதன் உருவத்தை அப்படியே பிரதிசெய்யும் கலையை அறிவித்தார். 1840 இல் பேர்மிங்காம் நகரத்து எல்கிங்றன் குடும்பத்தார் சயனைட்டுக் கரைசலிலிருந்து பொன்னையும் வெள்ளியையும் படிவிக்கும் உரிமையைப் பதிவுசெய்தனர். இரசத்திற் பொன்னைக் கரைத்துப் பூசி, நெருப்பிற் காட்டி, நச்சாவியைச் சுவாசித்த பழைய முலாம் முறை இதன் பின்னரே படிப்படியாக மறைந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டின் பங்கொன்று குறிப்பிடத்தக்கது. மெழுகு மின்னைக் கடத்தாது. ஆகவே மெழுகு அச்சின் மீது உலோகம் படியாது. 1840 இல் மரே என்பார், மெழுகின் மீது பென்சிற்கரித் தூளைத் தடவினால் அது மின்னைக் கடத்தும் என இங்கிலாந்திற் காட்டினார். பென்சிற்கரியை நம் நாட்டார் காரீயம் என்றே வழங்குவர். அது ஈயமன்று, காபனின் ஒரு வடிவம். போகலை, ககட்டகஹ முதலிய சுரங்கங்களில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் இலங்கைக் காரீயம் தூய்மையால் உலகப் புகழ் பெற்றது. அது கொழும்பிலுள்ள பண்டசாலைகளிற் பெண்கள் பலர் கையால் தரம் பிரித்தபின், மிடாக்களில் அடைக்கப்பட்டுக் கப்பலேறியது. உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கே அதன் பெரும்பகுதி சென்றதெனினும், மின்னைக் கடத்தும் கரி என்னும் அதன் இயல்பே நம் பொருளுக்கு வேண்டுவது. இரும்பும் நாகமும் கரைந்தழியும் இடத்திற் கரி அழியாது நின்று மின்னைக் கொடுக்கும். பிற்காலத்து நுண்டுளை மின்வாய்கள் பெரும்பாலும் காபனால் அமைந்ததன் காரணம் இதுவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மின்படிவு பட்டறையினின்று ஆலைக்கு வளர்ந்தது. 1869 இல் உவேல்சு நாட்டின் பெம்பிறே என்னுமிடத்தில், செம்பை மின்னாற் சுத்திகரிக்கும் ஆலை தொடங்கப்பெற்றது. அங்கும் அதன் வழிவந்த ஆலைகளிலும் தொட்டிகளில் நிரம்பியிருந்தது செறிவு மிக்க கரைசல். லீற்றருக்குப் பத்துக்கணக்கான கிராம் செப்பு கொண்டது. அத்தகைய கரைசலிற் சாதாரணத் தகடே போதும். மின்னைச் செலுத்தினால் உலோகம் வந்து படியும். இவ்வெளிமை பலரை மயக்கிற்று. செறிந்த கரைசலில் வேலை செய்யும் தகடு, நீர்த்த கரைசலிலும் சற்று மெதுவாகவேனும் வேலை செய்யும் என்றே எண்ணினர். அனுபவம் வேறாக இருந்தது. கரைசல் நீர்க்க நீர்க்கத் தகட்டின் மீது உலோகம் படிவதற்குப் பதிலாக ஐதரசன் குமிழிகளே எழுந்தன. மின்னழுத்தத்தைக் கூட்டினாற் குமிழி கூடிற்றேயன்றி உலோகம் கூடவில்லை.

காரணத்தை 1904 இல் தெளிவுபடுத்தியவர் செருமானிய அறிஞர் நேண்ஸ்ற். தகட்டை ஒட்டி நிற்கும் நீர்ப்படலம் அசையாதது போலவே இருக்கும். தகட்டிலுள்ள அயன்கள் படிந்து தீர்ந்தபின், அடுத்த அயன்கள் அப்படலத்தை மெல்லப் பரவிக் கடந்தே வந்து சேரவேண்டும். அயன் வரும் வேகத்தை மின்னழுத்தம் தீர்மானிப்பதில்லை. கரைசலின் செறிவும் கடக்கவேண்டிய தூரமுமே தீர்மானிக்கின்றன. லீற்றருக்கு 10 மில்லிகிராம் செப்புக் கொண்ட நீரை எடுத்துக்கொள்வோம். படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு எனக் கொண்டால், ஒரு சதுர மீற்றர் தகடு ஒரு முழு நாளில் ஏறத்தாழ 3 கிராம் செப்பையே திரட்டும். செறிந்த கரைசலில் அதே தகடு நாளொன்றுக்குக் கிலோகிராம் கணக்கிற் படிவிக்க வல்லது. ஆகவே வறிய கரைசலுக்கு வேண்டுவது மிகுந்த மின்விசையன்று. மிகுந்த பரப்பும் குறுகிய தூரமும் ஆகும். இவ்வுண்மை ஏட்டில் எழுதப்படுமுன்னரே, பொன் தேடியவர்கள் அதனைக் கைப்பழக்கத்தாற் கண்டுகொண்டனர் என்பது வரலாற்றின் சுவை.

1887 இல் கிளாஸ்கோ நகரில் மக்காதரும் பொறெஸ்ற் சகோதரர் இருவரும், தாதிலுள்ள பொன்னை நீர்த்த சயனைட்டுக் கரைசலாற் கரைத்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். அம்முறை சில ஆண்டுகளுள் தென்னாபிரிக்கச் சுரங்கங்களிற் பரவிற்று. கரைத்த பொன்னை மீட்பது எவ்வாறு? இருவழிகள் போட்டியிட்டன. சீமன்ஸ்-ஹால்ஸ்கே நிறுவனத்தார் 1894 அளவில் உவூஸ்ரர் சுரங்கத்தில் மின்முறையைக் கையாண்டனர். மெல்லிய ஈயத் தகடுகள் கதோட்டாகவும் இரும்புத் தகடுகள் அனோட்டாகவும் அமைந்தன. கரைசல் மிக வறியதாதலால், எண்ணற்ற தகடுகளைப் பெருந்தொட்டிகளில் நிறுத்தவேண்டியதாயிற்று. மற்றைய வழி, நாகத்தை மெல்லிய சீவல்களாக்கிப் பெட்டிகளில் அடைத்துக் கரைசலை அவற்றினூடே பாயவிடுவது. நாகம் கரையும், பொன் படியும். சீவல்களின் பரப்பு மிகப் பெரிது; அவற்றிடையே நீர் செல்லும் இடைவெளி மிகச் சிறிது. எனவே சீவல் வென்றது. தட்டைத் தகடு கைவிடப்பட்டது. மின்கம்பி இணைக்கப்படாத அந்த நாகப் பெட்டியே, வடிவத்தால், நீர் பாயும் நுண்டுளை மின்வாயின் மூதாதை எனல் பொருந்தும். தோற்றது மின்முறையன்று, தகட்டின் வடிவமே என்பதை உணர உலகிற்கு மேலும் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

தமிழருக்கு இக்கதை தொலைவானதன்று. மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜோன் ரெய்லர் நிறுவனத்தார் சுரங்கம் அகழ்ந்தனர். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரே அதன் உழைப்பாளரிற் பெரும் பகுதியினர். 1902 இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிற் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீற்றர் கம்பிவழிச் சென்று அச்சுரங்கத்தை அடைந்தது. அக்காலத்தில் அது உலகின் நெடிய மின்வழிகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவிற் சயனைட்டு முறையும் அங்குப் புகுந்தது. சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. ஏறத்தாழ 800 தொன் பொன்னைத் தந்தபின், 2001 பெப்ரவரி 28 ஆம் நாள் மூடப்பட்டது. இறுதிக் காலத்தில் ஒரு தொன் தாதிற் சில கிராம் பொன்னே எஞ்சியிருந்தது. அச்சில கிராமுக்காக ஒரு தொன் பாறையை உடைத்து, அரைத்து, கரைத்தனர். பொன் வெளியேறியது, அரைபட்ட மண் சயனைட்டின் எச்சத்தோடு குன்று குன்றாக ஊரின் நடுவே நின்றுவிட்டது. உழைத்தவர் சந்ததியார் அக்குன்றுகளின் அருகிலேயே வாழ்கின்றனர். இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

மின்முறை மீண்டும் பொன்னுலகிற் புகுந்தது 1950 களின் தொடக்கத்தில். அமெரிக்க அரசின் சுரங்கத் திணைக்களத்தைச் சேர்ந்த சாட்றா என்னும் ஆராய்ச்சியாளர், கரைசலிலுள்ள பொன்னை முதலில் உயிர்ப்பூட்டிய கரியினால் உறிஞ்சச் செய்தார். பின்னர் அக்கரியிலிருந்து சூடான காரக் கரைசலாற் பொன்னைக் கழற்றி, உருக்குக் கம்பளியாலான கதோட்டினூடே அக்கரைசலைச் செலுத்தினார். உருக்குக் கம்பளி என்பது மயிரிழை போன்ற உருக்கு நூல்களின் திரள். பாத்திரம் துலக்கப் பயன்படுவது. நாகச் சீவலின் வடிவமும் மின்னோட்டத்தின் ஆற்றலும் அங்கு முதன்முறையாகச் செம்மையாக ஒன்றுசேர்ந்தன. கரைந்தழிய நாகம் வேண்டியதில்லை. அயன் நெடுந்தூரம் நடந்துவர வேண்டியதுமில்லை. 1973 இல் அமெரிக்காவின் ஹோம்ஸ்ரேக் சுரங்கம் இவ்வழியைப் பேரளவிற் கைக்கொண்டபின் அது உலகெங்கும் பரவியது. பொன்னை உறிஞ்சுவதற்கு மிகச் சிறந்த கரி தேங்காய்ச் சிரட்டைக் கரி. அது வலியது, எளிதில் உதிராதது. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் சிரட்டைக் கரியின் ஒரு பகுதி இத்தங்கச் சுரங்கங்களுக்கே செல்கின்றது. நம் தோட்டத்துச் சிரட்டை பிறநாட்டுப் பொன்னைத் திரட்டுகின்றது என்றால் மிகையாகாது.

கைப்பழக்கமாக வளர்ந்த இம்முறைக்குக் கணித அடிப்படை அமைத்தோர் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தார். நியூமனும் ரொபயசும் 1962 இல் நுண்டுளை மின்வாயினுள் மின்னோட்டம் எவ்வாறு பகிரப்படுகின்றது என ஆராய்ந்து எழுதினர். 1969 இல் இங்கிலாந்திற் கூல்சன், குட்றிட்ஜ், பிளைஷ்மன் முதலியோர், உலோக மணிகள் நீரோட்டத்தில் மிதந்து நிற்க அவற்றின் மீதே உலோகம் படியும் மிதவைப் படுகை மின்வாயை விளக்கினர். 1972 இல் பெனியனும் நியூமனும் வெளியிட்ட ஆய்வில், லீற்றருக்கு 667 மில்லிகிராம் செப்புக் கொண்ட கரைசல் நுண்டுளைக் காபன் மின்வாயினூடே சென்று, 1 மில்லிகிராமுக்கும் குறைந்த செப்புடன் வெளியேறிற்று. இங்கு விலையுயர்ந்த பொன்னன்று, செம்பே ஆராயப்பட்டது. குறிக்கோள் உலோகத்தைப் பெறுவது மட்டுமன்று, நீரைத் தூய்மையாக்குவதுமாகும். வரலாற்றின் திருப்பம் இதுவே.

அம்மின்வாய் தொழிற்படும் விதம் எளிய ஒரு விதிக்கு அமைந்தது. நீர் செல்லும் வழியில் ஒரு குறித்த நீளம், வந்த உலோகத்திற் பாதியைப் பற்றிக்கொள்ளுமாயின், அடுத்த அதேயளவு நீளம் எஞ்சியதிற் பாதியைப் பற்றும். இவ்வாறு பத்துமுறை பாதியாக்கினால் ஆயிரத்திலொரு பங்கே எஞ்சும். 667 ஐ 1 ஆக்குவதற்குப் பத்துப் படிகள் போதும். இப்பொழுது பெரிதும் பயன்படும் காபன் கம்பளி, செயற்கை இழைகளைக் காற்றுப்படாது சூடேற்றிக் கரியாக்கி அமைப்பது. அதன் இழை ஒரு மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்கு தடிப்புடையது. அதன் பருமனில் இருபதிலொரு பங்கே கரி, மற்றையது வெற்றிடம். அத்தகைய கம்பளி ஒரு லீற்றர் அளவினுள் ஏறத்தாழ 20 சதுர மீற்றர் பரப்பைக் கொண்டிருக்கும். ஒரு சிறிய அறையின் நிலப்பரப்பை விடப் பெரிய தகட்டை ஒரு போத்தலினுள் மடித்து வைத்ததற்கு ஒப்பானது இது.

எனினும் குறை இல்லாத கருவி இல்லை. கம்பளியைத் தடிப்பாக்கினால் எல்லாப் பகுதியும் சமமாக வேலை செய்யும் என எதிர்பார்த்தல் தவறு. நீர்த்த கரைசல் மின்னை நன்கு கடத்துவதில்லை; ஆதலால், எதிர்மின்வாயை நோக்கிய மெல்லிய முகப்புப் பகுதியே பெரும்பாலும் உழைக்க, பின்பகுதி வாளாவிருக்கும். முகப்பில் அழுத்தத்தைக் கூட்டினால் அங்கே ஐதரசன் குமிழும். குறைத்தாற் பின்பகுதியிற் படிந்த உலோகம் மீளக் கரையவுங்கூடும். மேலும், படியும் உலோகமே துளைகளை அடைத்துவிடும். பணியைச் செவ்வனே செய்வதனாலேயே கருவி செயலற்றுப் போகும். இவற்றுக்கு மாற்றாக, நீர் ஒரு திசையிற் செல்ல மின்னோட்டம் அதற்குக் குறுக்கே செல்லும் அமைப்பு வகுக்கப்பட்டது, மின்வாயும் மெல்லியதாக்கப்பட்டது. நிரம்பிய கம்பளியிலிருந்து உலோகத்தைச் சிறிதளவு கரைசலிற் கரைத்தெடுத்தாற் செறிந்த கரைசல் கிடைக்கும். அது முலாம் தொட்டிக்கே மீளலாம். ஆயிரம் லீற்றரில் அலைந்த உலோகம் சில லீற்றரில் அடங்கும்.

இந்தியாவில் இத்துறைக்கெனத் தனி நிலையம் எழுந்த கதையும் அறியத்தக்கது. கொழும்பு மாநகரிற் பொற்கடைகள் நிறைந்த வீதியைச் செட்டியார் தெரு என்கின்றோம். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் தாயகமாகிய காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் ஈந்தமையால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. 1948 யூலை 25 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 இல் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். மின்முலாமிடல், உலோக அரிப்பு, மின்கலம் முதலியவற்றோடு கழிவுநீரைத் தூய்மையாக்கும் மின்முறைகளையும் அந்நிலையம் ஆராய்ந்து வந்துள்ளது. வணிகத்தில் ஈட்டிய செல்வம் விஞ்ஞானத்துக்கு இடமளித்த அரிய நிகழ்ச்சி இது. இலங்கையிலும் 1955 இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக்கென அரசாங்க நிலையம் நிறுவப்பெற்றது. அது பொரளைக்கு அண்மையில், பௌத்தாலோக மாவத்தையில் அமைந்தது. ஆகவே இக்கலை நமக்கு எட்டாத கலையன்று.

இனி, இவ்வரலாறு உணர்த்தும் உண்மையைக் காண்பாம். உலோகத்தை வறிய நீரிலிருந்து மீட்கும் திறனை மனிதன் தேடியது நீரின் பொருட்டன்று, விலையின் பொருட்டு. பொன்னுக்காக நாகச் சீவலும், பொன்னுக்காகவே உருக்குக் கம்பளியும் தோன்றின. செம்புக்கும் நாகத்துக்கும் நிக்கலுக்கும் அத்திறன் மிகவும் பிந்தியே வந்தது. வந்தபின்னும் பொன்னுக்குப் போல எங்கும் கைக்கொள்ளப்படவில்லை. ஓர் ஒப்பீடு இதனை விளக்கும். முலாமிட்ட பொருளைக் கழுவிய நீரில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் செப்பு இருக்குமாயின், ஒரு தொன் நீரில் 10 கிராம் செப்பு உண்டு. கோலாரின் இறுதிக் காலத் தாதில் ஒரு தொன்னுக்கு அதனிலும் குறைந்த பொன்னே இருந்தது. அச்சிறு பொன்னுக்காகப் பாதாளம்வரை இறங்கினோம். இச்செப்பையோ கால்வாயில் விடுகின்றோம். மின்சாரச் செலவு காரணம் என்பார் கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 கிராம் செப்பைப் படிவிக்க எட்டரை அம்பியர்-மணி மின் போதும். 3 வோற்று அழுத்தத்தில் அது ஓர் அலகு மின்சாரத்தில் நாற்பதிலொரு பங்கு. பத்தில் ஒன்பது பங்கு மின் குமிழியாய் வீணானாலும் அச்செலவு அற்பமே. செலவாவது கலமும் நீரேற்றியும் கவனமும். இவற்றுள்ளும் அரியது கவனம்.

விலை செய்யாததைச் சட்டம் செய்ய முயல்கின்றது. இந்தியாவில் 1986 ஆம் ஆண்டின் சுற்றாடற் பாதுகாப்பு விதிகளின் கீழ், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்பட்ட செப்பு இருத்தல் ஆகாது. இலங்கையிலும் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் கழிவுநீருக்கு எல்லை வகுக்க வழிசெய்தது. ஆயினும் சட்டம் நிற்பது ஆலையின் வாயிலில். சிறு பட்டறையின் பின்புற வாய்க்கால்வரை அது எப்போதும் எட்டுவதில்லை. அவ்விடத்திற் காவலாக நிற்கவேண்டியது தொழில் செய்வோனின் அறிவும் மனச்சான்றுமே.

நம் பொற்கொல்லர் பட்டறைத் தூசியையும் வீணாக்கார். தரையைக் கூட்டிய குப்பையைச் சேர்த்து வைப்பர். அதனை விலைக்கு வாங்கி அரித்துப் பொன்துகள் எடுப்போரும் உளர். அத்தொழில் மரபு நமக்குப் புதிதன்று. பொன்துகளுக்குக் காட்டும் அக்கருத்தைச் செப்புக்கும் நாகத்துக்கும், அவற்றைச் சுமந்து செல்லும் நீருக்கும் காட்டுதலே இன்று வேண்டுவது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது பொருள் சேர்ப்பார்க்கு மட்டும் உரிய மொழியன்று. நஞ்சு சேர்வதற்கும் அதுவே விதி. காரீயத்தையும் சிரட்டைக் கரியையும் உலகுக்கு அளித்த நாடு இது. அவற்றைக் கொண்டு உலகம் கற்ற பாடத்தைத் தன் நீர்நிலைகளுக்காகத் தானும் கற்றுக்கொள்ளுதல் அதன் கடன். விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் அடுத்தமுறை ஆய்கூடத்தில் நீலக் கரைசலைக் கையாண்டு, முகவையைக் கழுவி ஊற்றுமுன், அந்நீரில் எஞ்சியிருப்பது எவ்வளவு என ஒருகணம் கணக்கிடுவாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கைகூடியதாகும்.